சாய்த்துச் செருகினால்தான் ஏறும்: இரண்டு முறை உயிர்விட்ட ஒரு லேப்டாப்

லேப்டாப்பை மேசைமேல் வைத்த அந்த ஆராய்ச்சி மாணவி முதலில் கேட்டது பழுதைப் பற்றி அல்ல. "அண்ணா, மிஷின் போனால் போகட்டும். உள்ளே இருக்கும் ஆய்வேட்டை மட்டும் எடுத்துத் தர முடியுமா?" என்றார். எனக்கு முன்பே ஒருவர் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் நம்பிக்கையை ஏற்கெனவே பாதி கைவிட்ட நிலையில்தான் வந்திருந்தார்.

அவர் சொல்லச் சொல்ல வேலைத்தாளில் குறித்துக்கொண்டேன். வாங்கி நான்கு ஆண்டுகள். 19.5 வோல்ட், 65 வாட் அடாப்டர். முந்தைய இரவு சார்ஜரில் போட்டபடியே தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது பட்டென்று எல்லாம் அணைந்துவிட்டது. தீய்ந்த வாடை இல்லை, கீழே விழவில்லை, தண்ணீர் படவில்லை. அதன்பிறகு ஒரு விளக்குகூட எரியவில்லை. தோழியின் அடாப்டரைப் போட்டும் பார்த்திருக்கிறார். எழுந்து போகும்போது, நினைவு வந்தவராய் ஒன்றைச் சேர்த்தார்: "ஒரு இரண்டு மாதமாகவே சார்ஜர் பின்னைக் கொஞ்சம் சாய்த்துச் செருகினால்தான் சார்ஜ் ஏறும்."

அதையும் தாளின் அடியில் எழுதினேன். எழுதியதோடு சரி.

ஆய்வேடு பத்திரமாக இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்த மாடலில் தகவல் சேமிக்கும் எஸ்எஸ்டி தனித்தகடு. ஒரு திருகைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். மதர்போர்டு உயிரற்றுக் கிடந்தாலும் தகவல் அந்தத் தகட்டில்தான் இருக்கும். (சில மெல்லிய மாடல்களில் சேமிப்பகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே இப்படித் தைரியமாகப் பேச முடியாது.) ஆனால் ஒரு கேள்வி கேட்டேன்: தகவலை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா, 48 இலக்க மீட்பு எண் கைவசம் இருக்கிறதா? அவர் விழித்தார். பூட்டின் திறவுகோல் போர்டிலோ பிராசசரிலோ உள்ள பாதுகாப்புப் பகுதியோடு பிணைந்திருக்கும். எஸ்எஸ்டியை வேறு மிஷினில் மாட்டினாலும், போர்டையே மாற்றினாலும் அந்த 48 இலக்கம் கேட்கும். "போர்டை மாற்றிவிடலாம்" என்று வாய்கூசாமல் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. எனவே இந்த வழக்கில் பழைய போர்டையே எழுப்பிப் பார்ப்பதுதான் முதல் வேலை.

திரை இருண்டதா, மிஷினே இருண்டதா

"ஆன் ஆகவில்லை" என்று வரும் லேப்டாப்புகளில் கணிசமானவை உண்மையில் ஆன் ஆகிக்கொண்டுதான் இருக்கும். மின்விசிறி சுற்றும், கேப்ஸ் லாக் விளக்கு அழுத்த அழுத்த எரிந்து அணையும், திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மங்கலாக எழுத்து தெரியும். அது திரையின் பின்னொளிப் பழுது. விசிறி சுற்றியும் திரையில் எதுவும் வராவிட்டால் ராமைக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். இவையெல்லாம் வேறு நோய்கள். இவருடைய மிஷினில் விசிறியும் இல்லை, விளக்கும் இல்லை, விசைப்பலகையிலும் அசைவில்லை. மின்சாரமே உள்ளே போகவில்லை, அல்லது போனது எங்கோ தடுக்கப்படுகிறது.

அடுத்தது எல்லோரும் சொல்லும் முப்பது விநாடி வைத்தியம்: அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடிப்பது. இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு, நான் செய்வதில்லை. லேப்டாப் அணைந்திருக்கும்போதும் விழித்திருக்கும் ஒரு சிப் உண்டு. ஈ.சி. என்போம். பவர் பட்டனை அழுத்தியதைக் கவனிப்பதும், பேட்டரியைக் கண்காணிப்பதும், மற்ற மின்வழிகளைத் திறக்கச் சொல்வதும் அதன் வேலை. அது எப்போதாவது மலைத்து நின்றுவிட்டால், மின்சாரத்தை முழுவதும் வெட்டி மறுபடி கொடுத்தால்தான் தெளியும். பேட்டரி உள்ளேயே பூட்டியிருக்கும் இன்றைய மாடல்களில் அடாப்டரை மட்டும் பிடுங்கினால் மின்சாரம் வெட்டப்பட்டதாக ஆகாது. அதனால்தான் வீட்டில் செய்து பார்த்தவர்கள் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. நான் அடிமூடியைத் திறந்து பேட்டரி இணைப்பையும், கடிகாரத்துக்கான 3 வோல்ட் நாணய பேட்டரியையும் கழற்றிவிட்டுச் செய்தேன். மாற்றமில்லை.

எந்தப் படியில் நிற்கிறது

மதர்போர்டு என்பது ஒரே பொருள் அல்ல, படிக்கட்டு. ஒரு படி ஏறினால்தான் அடுத்த படி தெரியும். அடாப்டரின் 19.5 வோல்ட், சார்ஜர் பின்னைச் செருகும் ஜாக் வழியாக உள்ளே வந்து ஒரு பியூஸைத் தாண்டும். பிறகு காவலாளிகளைப் போல அடுத்தடுத்து இரண்டு மாஸ்ஃபெட்டுகள், அதாவது மின் சுவிட்சுகள். சார்ஜிங் சிப் சரி சொன்னால்தான் அவை திறக்கும். அவற்றைத் தாண்டினால் போர்டின் பிரதான மின்தடம். பேட்டரியின் மின்சாரமும் அங்கேதான் வந்து சேரும். அந்தத் தடத்திலிருந்து 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் பிரியும், அந்த 3.3 வோல்ட்டில்தான் ஈ.சி. விழித்திருக்கும். பவர் பட்டனுக்கு வேலை அதற்குப் பிறகே. அதன்பின் ராம், சிப்செட், கடைசியாக பிராசசர்.

இந்த வரிசை மனத்தில் இருந்தால், போர்டில் உள்ள நூற்றுக்கணக்கான உறுப்புகளைக் கண்டு மிரள வேண்டியதில்லை. நடுவில் ஓரிடத்தில் அளந்தால் பாதி போர்டு சந்தேகப் பட்டியலிலிருந்து விலகிவிடும்.

அடாப்டரைச் செருகி பியூஸில் அளந்தேன்: 19.5 வோல்ட். ஜாக் சரி, அடாப்டர் சரி என்று அந்தப் பக்கத்தை அத்தோடு மூடிவிட்டேன். (இந்த வரியை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.) முதல் மாஸ்ஃபெட்டின் முன்பக்கம் 19.5 இருந்தது. இரண்டாவதைத் தாண்டினால் கிட்டத்தட்ட சுழியம். அதாவது காவலாளி கதவைத் திறக்கவில்லை. காவலாளிக்குப் பழுதா, அல்லது உள்ளே ஆபத்து என்று தெரிந்தே மூடி வைத்திருக்கிறானா?

மின்சாரத்தை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிரதான மின்தடத்துக்கும் தரைக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் பொதுத் தடம்) இடையே வைத்தேன். 0.6 ஓம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2 காட்டியது, அது கம்பிகளின் சொந்தத் தடை. கழித்தால் 0.4 ஓம். நல்ல போர்டில் இந்த இடம் ஆயிரக்கணக்கான ஓம் காட்டும். ஆக, பிரதான தடம் தரையோடு ஷார்ட், அதாவது இடையில் தடையின்றி நேராக இணைந்துவிட்டது. சார்ஜிங் சிப் அதை உணர்ந்து கதவை மூடியே வைத்திருக்கிறது. பேட்டரியும் உதவிக்கு வராத காரணம் இதுதான். பேட்டரிக்குள் இருக்கும் காப்புச் சுற்றும் ஷார்ட்டைக் கண்டால் தன்னைத் துண்டித்துக்கொள்ளும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இங்கே ஒரு குழியில் விழுவார்கள். பிராசசருக்குப் போகும் தடத்திலும் மீட்டர் சில ஓம்தான் காட்டும். சக்திவாய்ந்த பிராசசர்களில் ஒரு ஓமுக்கும் கீழே போகும். அது ஷார்ட் அல்ல, அதன் இயல்பு. அதைப் பார்த்துவிட்டு "பிராசசர் செத்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதப்பட்ட போர்டுகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

ஒரு வோல்ட்டில் வேட்டை

ஒரே தடத்தில் நாற்பது, ஐம்பது கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கித் தரும் சிறு உறுப்புகள்) பக்கம் பக்கமாகத் தொங்குகின்றன. அவற்றில் எது ஷார்ட் என்று மீட்டரால் சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் அதே 0.4 ஓம்தான் தெரியும். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது போர்டைக் கொல்லும் வழி. மின்சாரத்தையே துப்பறிய வைக்க வேண்டும்.

வோல்ட்டை வேண்டிய அளவில் வைத்துக்கொள்ளும் மேசை பவர் சப்ளையை 1 வோல்ட்டில் வைத்தேன். ஏன் 19.5 அல்ல? பிரதான தடத்திலிருந்து பிராசசருக்கு மின்சாரம் இறக்கும் மாஸ்ஃபெட்களில் ஒன்று ஊடே ஷார்ட் ஆகியிருந்தால், நான் கொடுப்பது அப்படியே பிராசசருக்குள் போகும். 1 வோல்ட்டை அது தாங்கும், 19.5 என்றால் பிராசசரை நானே எரித்தவனாவேன். அப்படி ஒரு ஊடு ஷார்ட் இல்லை என்பதையும் பிராசசருக்கு மின்சாரம் போகும் காயில்களில் (கம்பிச் சுருள்களில்) மீட்டர் வைத்து முன்பே பார்த்துக்கொண்டேன். கறுப்பு வயரைத் தரையிலும் சிவப்பை பிரதான தடத்திலும் பற்றவைத்து, போர்டின்மேல் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தூரிகையால் மெல்லப் பூசினேன். வெப்பக் கேமரா இருந்தால் இது தேவையில்லை. இல்லாதவனுக்கு ஆல்கஹாலே கேமரா.

சப்ளையைப் போட்டதும் 2.5 ஆம்பியர் காட்டியது. 0.4 ஓமில் ஒரு வோல்ட் என்றால் அதுதான் கணக்கு. இரண்டரை வாட் வெப்பம் எங்கோ ஓரிடத்தில் கொட்டுகிறது. போர்டு முழுக்க ஈரம் பளபளத்துக்கொண்டிருக்க, சார்ஜர் ஜாக்குக்கு அருகே, ஒரு திருகுத் துளையின் ஓரமாக, எள்ளை விடச் சற்றுப் பெரிய ஒரு பழுப்பு நிறக் கெப்பாசிட்டர் மட்டும் மூன்று விநாடியில் உலர்ந்து வெளுத்தது. சுற்றியிருந்த ஈரம் அதைவிட்டு வட்டமாகப் பின்வாங்கியது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காத காட்சி இது.

சூடான காற்றை ஊதும் ஹாட் ஏர் கருவி கொண்டு அதைத் தூக்கியதும் மீட்டர் 0.4 ஓமிலிருந்து துள்ளி ஏறி 40 ஆயிரத்தைத் தொட்டது. 25 வோல்ட் தாங்கும் பீங்கான் கெப்பாசிட்டர். உருப்பெருக்கியின் கீழே புரட்டிப் பார்த்தேன்: உலோக முனையின் ஓரத்தில் தொடங்கி, உடலுக்குள் சாய்வாக ஓடும் மயிரிழை விரிசல். பீங்கான் கெப்பாசிட்டருக்குள் உலோக ஏடுகளும் பீங்கான் ஏடுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். விரிசல் விழுந்தால் ஏடுகள் ஒன்றையொன்று தொடக்கூடும், அதுவே ஷார்ட்.

அதே அளவும் அதே வோல்ட்டேஜும் உள்ள ஒன்றைப் பழைய போர்டிலிருந்து எடுத்து வைத்தேன். பவர் சப்ளையை 19.5 வோல்ட்டுக்கு ஏற்றி, வயரை பியூஸில் பற்றவைத்துக் கொடுத்தேன். 0.03 ஆம்பியர். ஈ.சி. விழித்துவிட்டது. பட்டனை அழுத்தினால் ஆம்பியர் 0.3, 0.7, 1.2 என ஏறி இறங்கி ஆடியது. அந்த ஆட்டம்தான் மிஷின் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஒரே எண்ணில் உறைந்து நின்றால் கவலைப்பட வேண்டும். திரை வந்தது. மூடி பூட்டி, அவருடைய அடாப்டரையே போட்டு இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். பேட்டரி நிரம்பியது. ஆய்வேடு திறந்தது. மீட்பு எண்ணை அப்போதே எடுத்துத் தாளில் எழுதி வைக்கச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள்

"அண்ணா, மறுபடியும் அதே மாதிரி செத்துவிட்டது" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடம்.

விளக்கு இல்லை, விசிறி இல்லை. பார்வைக்கு அதே நோய். வேறு கெப்பாசிட்டர் போய்விட்டது என்றே நினைத்து மூடியைக் கழற்றினேன். பிரதான தடத்தில் 40 ஆயிரம் ஓம், ஷார்ட் இல்லை. அப்போதுதான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: எப்படி நின்றது? பட்டென்று அணையவில்லையாம். பேட்டரி குறைகிறது என்ற எச்சரிக்கை வந்ததாம், சார்ஜரைச் செருகினாராம், சதவீதம் ஏறாமல் இறங்கிக்கொண்டே போய் நின்றதாம். முதல் சாவு திடீர்ச் சாவு. இது பட்டினிச் சாவு. மேசைமேல் கிடக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பேட்டரியை அளந்தால் 9 வோல்ட். மூன்று செல் பேட்டரி, 11.4 வோல்ட் பெயரளவு கொண்டது. ஒட்ட வடிந்து கிடந்தது.

அடாப்டரைச் செருகி பியூஸில் மீட்டரை வைத்தேன். சுழியம். பின்னைக் கட்டைவிரலால் லேசாக மேலே தள்ளினேன்: 19.5. விட்டேன்: 11, 4, 0. மறுபடி தள்ளினேன். 19.5.

போர்டைப் புரட்டி ஜாக்கின் நடுமுள் பற்றவைக்கப்பட்ட இடத்தை உருப்பெருக்கியில் பார்த்தால், ஈயத்தின் நடுவே மோதிரம் போல ஒரு வட்டக் கோடு. முள் ஈயத்தைவிட்டுப் பிரிந்திருந்தது. சுற்றிலும் போர்டு காப்பித் தூள் நிறத்துக்குக் கருகியிருந்தது. வேலைத்தாளை எடுத்துப் பார்த்தேன். அடியில் என் கையெழுத்திலேயே இருந்தது: "சாய்த்துச் செருகினால்தான் ஏறும்."

எங்கே தவறினேன் என்பதைப் பூசி மெழுகாமல் எழுத வேண்டும். முதல் நாள் பியூஸில் 19.5 வோல்ட் பார்த்தேன் அல்லவா? அப்போது மாஸ்ஃபெட் மூடியிருந்தது. மின்னோட்டம் அநேகமாக இல்லை. ஓட்டம் இல்லாத இடத்தில் எவ்வளவு கெட்ட இணைப்பும் முழு வோல்ட்டேஜைக் காட்டும். மயிரிழையளவு ஒட்டிக்கொண்டிருந்தால்கூடப் போதும், மீட்டருக்கு 19.5 தெரியும். மூன்று ஆம்பியர் கேட்டால்தான் சாயம் வெளுக்கும். அடுத்து, பழுது நீக்கியபின் பவர் சப்ளையின் வயரை நான் பற்றவைத்தது பியூஸில். ஜாக்கை அடியோடு தாண்டிவிட்டேன். கடைசியாக அடாப்டரில் இரண்டு மணி நேரம் ஓட்டியபோது, மேசையில் அசையாமல் கிடந்த மிஷினில் பின் நல்ல வாகாக உட்கார்ந்திருந்தது. மூன்று சோதனையிலும் ஜாக் தப்பித்துவிட்டது.

இதைவிட என்னை உறுத்தியது கெப்பாசிட்டர். அந்த விரிசலைக் கண்ணால் பார்த்தேன், ஏன் வந்தது என்று கேட்கவில்லை. முனையோரத்தில் தொடங்கிச் சாய்வாக ஓடும் விரிசல், போர்டு வளைந்ததால் வரும் விரிசல் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே. பீங்கான் வளையாது, போர்டு வளைந்தால் உடையும். போர்டை வளைத்தது எது? இரண்டு மாதமாக ஒரு நாளைக்குப் பல முறை, ஜாக்கை நெம்புகோலாக்கி, பின்னைச் சாய்த்து அழுத்திய கை. கெப்பாசிட்டர் உட்கார்ந்திருந்ததோ ஜாக்குக்கும் திருகுத் துளைக்கும் நடுவே. ஒரு முனை திருகால் இறுகப் பிடிக்கப்பட்டிருக்க, மறுமுனை நெம்பப்பட்டால் நடுவில் இருப்பது தாங்காது. தளர்ந்த இணைப்பு விட்டுவிட்டுத் தொடும்போது எழும் வோல்ட்டேஜ் துள்ளலையும் யோசித்தேன். நீண்ட கேபிளும் பீங்கான் கெப்பாசிட்டரும் சேர்ந்த இடத்தில் திடீரென மின்சாரம் பாய்ந்தால், ஒரு கணம் அது ஏறத்தாழ இரு மடங்குக்குத் துள்ளக்கூடும். ஆனால் இந்தக் கெப்பாசிட்டர் இருந்தது மாஸ்ஃபெட்டுகளுக்கு உள்பக்கம். விரிசலின் வடிவமும் வளைவையே சொல்கிறது. என் தீர்ப்பு வளைவின் பக்கம்தான்.

ஆக, இரண்டு பழுதுகள் அல்ல. ஒரே பழுது, அதன் பிள்ளையை முதலில் பிடித்துவிட்டு, தாயை விட்டுவிட்டேன்.

ஜாக்கை மாற்றும் முன் ஒரே ஒரு அளவு எடுத்தேன், என் மனநிறைவுக்காக. பின்னைத் தள்ளிப் பிடித்தபடி மிஷினை ஓடவைத்து, 3 ஆம்பியர் இழுக்கும்போது பின்னுக்கும் பியூஸுக்கும் இடையே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்த்தேன். 1.1 வோல்ட். மூன்று வாட்டுக்கு மேல் வெப்பம் ஒரு நெல்மணி இடத்தில். காப்பித் தூள் நிறத்துக்குக் காரணம் தெரிந்தது.

பழைய ஜாக்கைக் கழற்றுவது எளிதாக இல்லை. தரைமுனைகள் போர்டின் தடித்த செப்புத் தளத்தோடு இணைந்திருப்பதால், வைத்த சூட்டையெல்லாம் அது உறிஞ்சிவிடும். அவசரப்பட்டு இழுத்தால் துளையின் செப்பு உறையும் சேர்ந்து வந்துவிடும். அடியிலிருந்து போர்டைச் சூடாக்கி, புது ஈயம் கலந்து இளக்கி, ஒரு மணி நேரம் பிடித்தது. கருகிய இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து புது ஜாக்கை வைத்தபின், அதே 3 ஆம்பியரில் விழுந்தது 0.08 வோல்ட். பின்னை நான்கு பக்கமும் ஆட்டினேன், மீட்டர் அசையவில்லை. முதல் நாள் வைத்த கெப்பாசிட்டரையும் உருப்பெருக்கியில் பார்த்தேன். ஒன்பது நாள் நெம்பலில் அது இன்னும் உடையவில்லை என்றாலும், அதை எடுத்துவிட்டு, முனைகள் சற்று வளைந்துகொடுக்கும் வகையைச் சேர்ந்த ஒன்றைப் போட்டேன்.

வடிந்த பேட்டரி மெதுவாக எழுந்தது. மிஷினை அவர் கையில் கொடுத்து, என் எதிரிலேயே சார்ஜரைச் செருகச் சொன்னேன். பழக்கம் விடவில்லை, செருகிய உடனே கட்டைவிரல் பின்னைச் சாய்த்து அழுத்தப் போனது. "வேண்டாம்மா, விட்டுவிடுங்கள்" என்றேன். கையை எடுத்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.